அதே குழி, புதுக் கன்று

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு வேம்பும் இரண்டு பூவரசும் வேரோடு சாய்ந்தன. புதுக்கோட்டைப் பக்கம், எட்டாம் வகுப்பு வரை உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. கொரோனாவுக்கு இரண்டு வருஷம் போக, மற்ற எல்லா வருஷமும் கன்று நட்டோம். விருந்தினர் வருவார், கன்றைப் பிடிப்பார், படம் எடுப்போம், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்போம். 2023 ஜூனில் குழி வெட்டச் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "வெட்ட வேணாம் டீச்சர், போன வருசக் குழியே அப்படியே கெடக்கு" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு வேலை மிச்சம், அவ்வளவுதான். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படைக்குப் பொறுப்பு ஆசிரியர் என்று பதிவேட்டில் இருப்பது என் பெயர்.

அந்த வருஷம் கன்றை விட்டுவிட்டு, பள்ளியிலிருந்து என்னதான் வெளியே போகிறது என்று பார்ப்போம் என முடிவு செய்தோம். பழைய இரும்பு எடுக்கும் அண்ணனிடம் தொங்கு தராசை இரவல் வாங்கி, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நாள் குப்பையை நிறுத்தார்கள். காகிதம்தான் அதிகம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். காகிதம் ஒன்றுமே இல்லை. தின்பண்ட உறை எண்ணிக்கையில் அதிகம், எடையில் காற்று. தராசை இழுத்தது சோறு. 118 பிள்ளைகள், ஐந்து நாளில் 23 கிலோ. ஆகஸ்ட் கடைசியில் எங்களுக்குக் காலை உணவுத் திட்டமும் வந்திருந்ததால், பொங்கல் போட்ட நாளில் வாளி காலையிலேயே பாதி நிறைந்துவிட்டது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோற்றின் அருமை தெரியவில்லை" என்று நாங்கள் ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருந்தபோது சத்துணவுச் சமையல் அக்காதான் குறுக்கே வந்தார். "டீச்சர், ஒன்னாப்புப் புள்ளைக்கும் எட்டாப்புப் பையனுக்கும் ஒரே கரண்டியிலதான போடுறோம்? அது எப்படித் திங்கும்?" திட்டத்திலேயே சின்ன வகுப்புக்கு நூறு கிராம் அரிசி, பெரிய வகுப்புக்கு நூற்றைம்பது என்று கணக்கு வேறு வேறுதான். கரண்டி ஒன்றாக இருந்தது. மறுநாளிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் அரைக் கரண்டி, கேட்டால் மறுபடியும் என்று மாற்றினார். மறுபடி வந்து கேட்க வெட்கப்பட்டவர்களும் உண்டு, அதனால் ஒரு ஆசிரியர் வரிசையில் நடந்து கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து நிறுத்தபோது 14 கிலோ. ஒரு பைசா செலவில்லை. நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் இதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப முடியாது.

மிச்சத்துக்கு உரக்குழி. இங்கேதான் நன்றாக அடி வாங்கினோம். கழிப்பறைக்குப் பின்னால் மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, சோறு, சாம்பார், கறிவேப்பிலை, முட்டை ஓடு எல்லாவற்றையும் கொட்டி மண் போட்டு மூடினோம். பத்தே நாளில் நாற்றம், புழு. ஐப்பசி மழையில் குழி நிரம்பி, தண்ணீர் மைதானத்துக்கு வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு என்று ஒரு அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. குழியை மூடினோம்.

அதே கூட்டத்தில் இன்னொரு அம்மா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. பிள்ளைகளிடம் மஞ்சப்பை பற்றி ஓவியப் போட்டி வைக்கும் நாங்களே அதில்தான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது நாற்பது எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. குடித்தவர் கழுவி வைக்க வேண்டும், யார் வந்தாலும்.

உரத்துக்கு வருகிறேன். சோறு ஈரத்தோடு அப்பிக்கொண்டால் உள்ளே காற்று போகாது. காற்று இல்லாமல் அழுகினால் நாறத்தான் செய்யும். காய்ந்த சருகு கலந்தால் காற்றும் போகும், ஈரமும் இழுக்கும். இதை வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன், செய்யும்போது மறந்துவிட்டேன். 2024 தையில் மறுபடி தொடங்கினோம். குழி கிடையாது. மேட்டு நிலத்தில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய தொட்டி. ஒரு சட்டி சோற்றுக்கு மூன்று சட்டி சருகு, மேலே சாணிக் கரைசல். சாம்பாரை வடித்துவிட்டுத்தான் போடுவது. வாரம் ஒருமுறை கிளறல். முதல் தொட்டி உரமாக இரண்டரை மாதம் ஆனது. கையில் அள்ளிப் பார்த்தால் முதல் மழை வாசனை. உள்ளே அப்படியே கிடந்தது தைல மரத்து இலை மட்டும்தான், அது லேசில் மக்காது. வேம்பும் புங்கனும் சேர்த்தால் போதும்.

சருகு எங்கிருந்து வந்தது என்றால், அதுவரை தினமும் காலையில் கூட்டிக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தோம். புகை நேராக ஒன்றாம் வகுப்புக்குள் போகும். இத்தனை வருஷம் யாருக்கும் அது உறுத்தவில்லை, எனக்கும்தான். மாசி, பங்குனியில் கொட்டுகிற இலையைச் சாக்கில் கட்டி வைத்தால் வருஷம் பூராவும் வருகிறது. ஒன்று சொல்ல வேண்டும்: கிளறுவது, மூட்டை கட்டுவது எதையும் கூட்டுகிற அக்கா தலையில் வைக்கக் கூடாது என்று எச்.எம். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அந்த அக்கா வாங்குகிற சம்பளத்துக்கு ஏற்கனவே செய்கிற வேலையே அதிகம். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் நாங்களும் முறை போட்டுக்கொண்டோம். என் முறை வியாழன்.

காய்கறித் தோட்டம் முதல் வருஷம் மே விடுமுறையில் செத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவதாக எழுதி வைத்த பட்டியல் பத்து நாள் தாங்கியது. மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. இப்போது ஆடியில் விதை போட்டு, பங்குனிக்குள் பறித்து முடித்துவிடுகிறோம். கை கழுவும் தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குப் போகிறது. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய்க்குள் ஒரு கிரிக்கெட் பந்தும் அணில் கூடும் இருந்தன. தின்பண்ட உறை மட்டும் குறையவே இல்லை. எதிர்க்கடைக்காரர் கொய்யாவும் அவித்த கடலையும் போட்டுப் பார்த்தார், விற்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கன்று நட்ட அந்தப் பழைய குழி? 2024 ஐப்பசியில் ஒரு பிள்ளையின் தாத்தா பூவரசம் போத்து, அதாவது ஊன்றி வளர்க்கிற கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். "கன்னெல்லாம் இந்த மண்ணுல நிக்காது தாயி, போத்து ஊனுனா புடிச்சுக்கும்" என்று தானே ஊன்றி, அடியில் எங்கள் உரத்தை இரண்டு கூடை கொட்டி, முள் வேலியும் கட்டிவிட்டுப் போனார். விழா இல்லை, படமும் இல்லை. இப்போது ஒன்றாம் வகுப்பு சன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுகிறார்கள் என்று போன வாரம் அந்த வகுப்பு டீச்சர் என்னிடம் புகார் சொன்னார். விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.