1974 செவ்ரோலேவுக்கு எந்த கார்புரேட்டர், எந்த மேனிஃபோல்டு?

என்னிடம் இருப்பது 1974 செவ்ரோலே சி10 பிக்கப். 350 கன அங்குல வி8 இன்ஜின், டர்போ ஹைட்ராமேடிக் 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஃப்ரெஸ்னோவில் ஓடுகிறது. கோடையில் உரமும் மண்ணும் சுமக்கும். இலையுதிர் காலத்தில் சியர்ரா மலைப் பக்கமிருந்து விறகு கொண்டுவரும். பந்தயத்துக்குப் போகிற வண்டி அல்ல. எந்த உதிரிபாகத்தை வாங்கும்போதும் முதலில் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இதில் இருந்தது ரோச்செஸ்டர் டூ பேரல் கார்புரேட்டரும் (காற்றோடு பெட்ரோலைக் கலப்பது; பேரல் என்பது அதன் காற்று வாய்), அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும். கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலின் தண்டு தேய்ந்துபோய், தன் துளைக்குள் மேலும் கீழும் ஆடியது. அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே கசிந்தால் ஐடிலில் (மிதிகட்டையைத் தொடாமல் ஓடும்போது) இன்ஜின் ஒருபோதும் நிலையாக நிற்காது. அது மட்டும் என்றால் புது புஷ் போட்டுச் சரிசெய்திருப்பேன். மேனிஃபோல்டில் தெர்மோஸ்டாட் உட்காரும் முகப்பும் துருவால் குழிகுழியாக அரித்துவிட்டது. எந்த காஸ்கெட்டும் அங்கே நீரைப் பிடித்துவைக்கவில்லை. எப்படியும் மேனிஃபோல்டைக் கழற்றத்தான் வேண்டும் என்று ஆனபிறகே ஃபோர் பேரலுக்கு மாறலாமா என்ற கேள்வி வந்தது.

கடைகளில் கேட்டால் பதில் உடனே வரும்: ‘பெரிதாகப் போடுங்கள்.’ ஒருவர் 750 சிஎஃப்எம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்ற அளவு) குறைந்து யோசிக்கவே வேண்டாம் என்றார். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கணக்கு எளிமையானது, போட்டே பார்த்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை உறிஞ்சும். 350ஐ நிமிடச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று கிடைக்கும். 4,500 சுற்றில் அது சுமார் 456. நடைமுறையில் இப்படிப்பட்ட பழைய இன்ஜின் அதில் 80 சதவீதம் நிரம்பினாலே அதிகம்; அப்படியானால் 365. அதுவும் த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது. என் வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை 3,000 சுற்றுக்குக் கீழேதான் கழிக்கிறது. 600 சிஎஃப்எம் தாராளம்.

கார்புரேட்டர் அளவுகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டூ பேரலின் சிஎஃப்எம் எண்ணைப் பாதரசத்தில் 3 அங்குல அழுத்த வேறுபாட்டில் அளக்கிறார்கள்; ஃபோர் பேரலுக்கு 1.5 அங்குலம். அதனால் 500 என்று எழுதியிருக்கும் டூ பேரல், ஃபோர் பேரல் அளவுகோலில் சுமார் 354தான். இது தெரியாமல் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

மேனிஃபோல்டைத் தேர்ந்தெடுப்பது எனக்குக் கடினமாக இல்லை. இந்த இன்ஜினின் எரிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. டூயல் பிளேன், அதாவது இரண்டு தளமுள்ள மேனிஃபோல்டில் 1, 4, 6, 7 ஒரு தளத்திலிருந்தும் 8, 3, 5, 2 மறுதளத்திலிருந்தும் காற்றெடுக்கும். வரிசையைப் பாருங்கள்: ஒன்றுவிட்டு ஒன்றாக மாறிமாறி வரும். ஆக ஒவ்வொரு தளத்திலும் உறிஞ்சல் சீரான இடைவெளியில் நடக்கிறது. பக்கத்து சிலிண்டர் காற்றைத் திருடுவதில்லை. குழாய்கள் நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் குறைந்த சுற்றிலும் காற்று வேகமாக ஓடுகிறது; பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்துவிடாமல் காற்றோடு போகின்றன. எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே தளமுள்ள சிங்கிள் பிளேன் உயர் சுற்றுக்கானது. சுமை ஏற்றிய வண்டியை சிக்னலிலிருந்து கிளப்பும்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

எடெல்பிராக் நிறுவனத்தின் பெர்ஃபார்மர் 2101ஐ எடுத்தேன். ஐடிலிலிருந்து 5,500 சுற்று வரைக்கானது என்று அவர்களே சொல்கிறார்கள். அதன் அண்ணன் பெர்ஃபார்மர் ஆர்பிஎம், 1,500இல் தொடங்கி 6,500 வரை. எனக்கு வேண்டியது அந்த முதல் 1,500தான், அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? 2101இல் இன்னொரு வசதி உண்டு: நான்கு வாய்களும் ஏறக்குறைய ஒரே அளவான ஸ்கொயர் போர் கார்புரேட்டரும் உட்காரும், முன்வாய் சிறிதும் பின்வாய் பெரிதுமான ஸ்ப்ரெட் போரும் உட்காரும். வாங்குவதற்கு முன் சிலிண்டர் ஹெட் எந்த ஆண்டுடையது என்பதை வார்ப்பெண் பார்த்து உறுதிசெய்யுங்கள். 1987 முதல் வந்த வார்ப்பிரும்பு ஹெட்களில் நடு போல்ட்களின் கோணமே வேறு. 1996இல் வந்த வோர்டெக் ஹெட்களில் போல்ட் அமைப்பே வேறு. இத்தனை வயதான வண்டியில் ஹெட் பிறந்தபடியே இருக்கும் என்று நினைப்பதற்கில்லை.

ஸ்மாக் சோதனையையும் (வண்டிப் புகை மாசுச் சோதனை) சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. 1976 வண்டி வைத்திருப்பவர் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் உள்ள பாகத்தைத்தான் போட முடியும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வுக்கு இடமும் வேண்டியிருக்கும். அவர்கள் நான் வாங்கியதை அப்படியே வாங்கிவிடக் கூடாது.

இனி கார்புரேட்டர். இங்கேதான் நான் வெகுநாள் யோசித்தேன். ஹோலி 1850, எடெல்பிராக் 1406, பழைய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்: மூன்றும் என் முன்னே இருந்தன. முதல் இரண்டும் 600 சிஎஃப்எம். 1406 மின்சார சோக்குடன் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவுவது) வருகிறது, பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் ஓடும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ராடும் (ஊசி) ஜெட்டும் (துளை) மாற்றுவது சுலபம். கார்புரேட்டர் வேலையே செய்யாதவர் யாராவது கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

நான் எடுத்தது குவாட்ராஜெட். 1965இல் வந்த வடிவமைப்பு. அளவோ 750 சிஎஃப்எம், அப்படியானால் மேலே போட்ட கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதன் முன்வாய்கள் ஒன்றே முக்கால் அங்குலம்கூட இல்லை, ஒன்றும் எட்டில் மூன்றும் மட்டுமே; ஹோலி 600இன் வாயைவிடச் சிறியவை. மிதிகட்டையைப் பாதிவரை அழுத்தும்வரை இன்ஜின் அந்தச் சிறிய வாய்களில்தான் ஓடுகிறது. பின்வாய்கள் இரண்டேகால் அங்குலம், ஆனால் அவற்றின் மேல் ஒரு காற்று மடல் ஸ்பிரிங்கில் நிற்கிறது. இன்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே அந்த மடல் திறக்கும். அது திறக்கத் திறக்க ராடுகள் மேலெழுந்து அதற்கேற்ற பெட்ரோலை விடும். 750 என்பது அதன் உச்ச வரம்பு; என் இன்ஜினுக்குத் தேவையானது 365 என்றால் அதோடு நின்றுவிடும். ஒரே கார்புரேட்டரைச் சிறிய இன்ஜினுக்கும் பெரிய இன்ஜினுக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் போட்டதன் ரகசியம் இதுதான். இதைக் குப்பை என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

ஆனால் பழையதை வாங்குவதால் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். பெட்ரோல் நுழையும் வாய் நேராக முன்பக்கம் நோக்கினால் செவ்ரோலேவுக்கானது. பக்கவாட்டில் திரும்பியிருந்தால் பியூக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் வகை. இடப்பக்கம் செங்குத்தாக ஓர் எண் பொறித்திருக்கும். 70 என்று தொடங்கினால் பழையது, 170 என்றால் 1976 முதல் வந்தது. மேல்மூடியிலிருந்து மின்கம்பி இணைப்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது எண்பதுகளில் வந்த கணினி வகை, தொடவே வேண்டாம். த்ராட்டில் தண்டை விரல்களால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேல்மூடியின் மேல் ஓர் எஃகு அளவுகோலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்; யாராவது முன் போல்ட்களை மிகையாக முடுக்கியிருந்தால் நடுவில் வெளிச்சக் கீற்று தெரியும். நான் அங்காடியில் எடுத்த ஒன்றில் அந்தக் கீற்று நன்றாகவே தெரிந்தது, திருப்பி வைத்துவிட்டேன். வாங்கியதைப் பிரித்து, கழுவிக் காயவைத்து, உள்ளே பெட்ரோல் நிற்கும் கிணறு போன்ற குழிகளில் பெட்ரோல் ஊற்றி அடியில் காகிதம் விரித்து வைத்தேன். காலையில் காகிதத்தில் ஈரவட்டம். அடியிலுள்ள உலோக அடைப்புகள் வழியாகக் கசிவது இதற்குப் பெயர்போன குறை. பெட்ரோலைத் தாங்கும் எபாக்ஸி பூசினால் தீர்ந்துவிடும். தண்டுக்கு வெண்கல புஷ், எத்தனாலைத் தாங்கும் புது பம்ப் ரப்பர், புது மிதவை, மின்சார சோக் எல்லாம் போட்டேன். மிதவை பழையதாக இருந்தால் பெட்ரோலைக் குடித்து கனத்துப்போயிருக்கும். அதை மாற்றாமல் மட்டம் சரிசெய்வது வீண் வேலை.

மாட்டும்போது இரண்டு விஷயங்களில் மட்டும் தனியாக நேரம் செலவிட்டேன். ஒன்று சூடு. மேனிஃபோல்டின் நடுவே, கார்புரேட்டருக்குக் கீழே, புகைபோக்கி வாயு ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்குப் போகும் வழி இருக்கிறது; குளிர்நாடுகளில் இன்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டுமே என்று வைத்தது. 40 டிகிரி வெயிலில், பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், அது குவாட்ராஜெட்டுக்குள் பெட்ரோல் நிற்கும் சிறிய தொட்டியைக் கொதிக்க வைத்துவிடும். அந்த வழியை அடைக்கும் காஸ்கெட் போட்டு, கார்புரேட்டருக்கு அடியில் தடித்த காஸ்கெட்டும் வைத்தேன். டிசம்பர் மூடுபனிக் காலைகளில் இன்ஜின் சூடேறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, முன்னும் பின்னும் பிளாக்கின் சுவர்மேல் வரும் கார்க் பட்டைகள். அவற்றைப் போடவே இல்லை. சுவரை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, சிலிக்கோனை ஒரே கோடாக, தடிமன் மாறாமல் இழுத்தேன். மேனிஃபோல்டு இறங்கி உட்கார்ந்ததும் கோடு இருபுறமும் சமமாகப் பிதுங்கியது. அலுமினியம் என்பதால் போல்ட்களை 25 அடி-பவுண்டுக்கு மேல் முடுக்கவில்லை.

த்ராட்டில் கேபிளுக்கும் முழுக்க மிதித்ததும் கியர்பாக்ஸைக் கீழ்கியருக்கு இறக்கும் கிக்டவுன் கேபிளுக்கும் ஃபோர் பேரலுக்கான பிராக்கெட் தனியாக வாங்க வேண்டும். பெட்ரோல் குழாயும் புதிதாக வளைக்க வேண்டும். பழைய ஏர் கிளீனர் வாய் பொருந்தாது. விலை போடும்போது இவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.

வண்டி இப்போது ஊருக்குள் அமைதியாக, மிதித்த உடனே நகர்கிறது. 168ஆம் நெடுஞ்சாலையில் ஷேவர் ஏரி நோக்கி ஏறும்போது பின்வாய்கள் திறப்பது காதுக்கே தெரிகிறது. ஆனால் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் ஸ்பார்க் பிளக்குகள் கறுத்துத் திரும்பி வந்தன. பின்வாய் ராடுகளை மாற்ற கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம். மேலேயுள்ள ஒரு சிறிய திருகை எடுத்தால் தாங்கியோடு இரண்டும் கையில் வந்துவிடும். நுனி சற்றுத் தடித்த ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். விறகு சீசன் தொடங்குவதற்குள் போட்டுவிட்டு, பிளக்கின் நிறத்தை இங்கேயே எழுதுகிறேன்.