தீவாந்தரத்தாளுக்கு ஓர் இலை

ஆடி அமாவாசைப் படையலுக்கு எங்கள் வீட்டில் ஐந்து இலை போடுவார்கள். அப்புறம் சற்றுத் தள்ளி, வாசற்படியை ஒட்டினாற்போல் இன்னொன்று. சின்ன இலை. அதில் சோறும் ஒரு பொரியலும்தான். வடை, பாயசம் கிடையாது. யாருக்கு என்று கேட்டால் அப்பாயி, "தீவாந்தரத்தாளுக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கல்யாணமாகிச் சிங்கப்பூர் போன அத்தையும் ஈசூன் புளோக்கில், எட்டாவது மாடியில், நாற்பது வருஷமாய் அந்தத் தனி இலையைப் போட்டு வருகிறார். இந்த ஆடிக்கு நான் அங்கே போனது அந்த இலைக்காகத்தான்.

எங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். தாத்தாவின் தாத்தாவைப் பெற்றவள் அவள். சிப்பாய்க் கலகத்துக்கு முந்தி, தஞ்சாவூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றில் களத்து நெல்லுக்குத் தீ வைத்தாள் என்பார் தாத்தா. இல்லை, கை வைக்க வந்தவனை அரிவாளால் வெட்டினாள் என்பார் அத்தை. தீவாந்தர தண்டனை, அதாவது கடல் தாண்டி நாடு கடத்துவது என்று தீர்ப்பாகி, மெட்ராஸில் கப்பல் ஏற்றிவிட்டார்கள். நடை பழகாத பிள்ளையைப் பங்காளி வீட்டில் விட்டுப் போனாள். அந்தப் பிள்ளை வழி வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

முதல் நாள் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். சிங்கப்பூருக்கு முதன்முதலில் இந்தியக் கைதிகள் வந்து இறங்கியது 1825 ஏப்ரல் 18. சுமத்ராவின் பென்கூலனை 1824 ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடம் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே அடைத்து வைத்திருந்த கைதிகளை ஹொரேஷியோ என்ற கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். எண்பது பேர், எல்லோரும் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போனவர்கள். எழுபத்தொன்பது ஆண்கள், ஒரு பெண். அடுத்த வாரமே வங்காளத்துக் கைதிகள் 122 பேர்.

அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. எண்பதில் ஒருத்தி. ஊரிலிருந்து ஒரு கடல் தாண்டிப் பென்கூலன், அங்கிருந்து இன்னொரு கடல் தாண்டிச் சிங்கப்பூர். மாதவிலக்கு நாளில் அவள் எங்கே ஒதுங்கினாள், குளிக்கத் தண்ணீர் யார் கொடுத்தார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. அவள் எங்கள் பாட்டி அல்ல, காலம் பொருந்தவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்காகவும் அழுதேன்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. கைதிக் கப்பல் ஒவ்வொன்றோடும் ஒரு பட்டியல் போகுமாம். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, அங்க அடையாளம், குற்றம், தண்டனை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஆக, கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தா எங்கள் பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறான். நெற்றித் தழும்பையோ கன்னத்து மச்சத்தையோ பார்த்துக் குறித்திருக்கிறான். பெற்ற பிள்ளையின் வம்சம்தான் அவள் பெயரை வாயால் சொல்லாமல் விட்டுவிட்டது. சின்ன மருதுவின் மகன் துரைசாமியை 1802இல் எழுபத்திரண்டு பேரோடு பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அவரைச் சிவகங்கைச் சீமையே நினைவில் வைத்திருக்கிறது, வைத்திருக்கத்தான் வேண்டும். அதே கடலில் போன எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வாசற்படி இலை.

மறுநாள் அத்தையும் கூட வந்தார். அந்த ஊர்ப் பெயரையே கொண்ட பென்கூலன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினோம். 43 மீட்டர் ஆழம், சிங்கப்பூரிலேயே ஆழமான நிலையம். எஸ்கலேட்டர் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே வந்தால் பிராஸ் பாசா சாலை நடை தூரம். கைதிகளின் பெரிய சிறை அந்தச் சாலையோரம்தான் இருந்தது. இப்போது அந்தப் பக்கமெல்லாம் பல்கலைக்கழக மாணவர்கள் கையில் காபியோடு போகிறார்கள். அத்தை கைப்பையிலிருந்து கொஞ்சம் மல்லிகையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு மரத்தடியில் வைத்தார்.

அங்கிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் பத்து நிமிட நடைதான். 1856இல் கடைக்கால் போட்டு, 1861இல் முதல் வழிபாடு நடந்த கோயில். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, பூசிக் காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. ஊரில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்துச் சுவரும் இப்படித்தான். சித்திரை வெயிலில்கூட அதில் கன்னத்தை வைத்தால் குளுகுளுவென்றிருக்கும்.

தூணில் கை வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்தியது, தூண் சில்லென்றிருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, புறங்கையால் தடவினார். "நம்ம வீட்டுச் சுவருடி இது" என்றார். சத்தமாகச் சொன்னதால் முன்னால் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

1873இல் சிங்கப்பூரில் இந்தியக் கைதிகளை வைத்திருக்கும் முறையை நிறுத்தினார்கள். மிச்சத் தண்டனை இருந்தவர்களில் பலரை அந்தமானுக்கு அனுப்பினார்கள். அனுமதிச் சீட்டு வாங்கிச் சிறைக்கு வெளியே வந்தவர்கள் இங்கேயே பிழைத்துக்கொண்டார்கள். கைதிப் பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளவும் அனுமதி உண்டு. அதைச் சொன்னதும் அத்தை பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தேக்கா மார்க்கெட்ல நான் கத்தரிக்கா வாங்குறவன்கூட நமக்கு அண்ணன் தம்பி முறையா இருக்கலாம், இல்ல?" என்று கேட்டார். இருக்கலாம் அத்தே என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமாவாசையன்று காலையில் வழக்கம்போல் ஐந்து இலையை வரிசையாகப் போட்டு, ஆறாவதை வாசலுக்கு எடுத்துப் போனார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"இங்க கொண்டாங்க அத்தே" என்றேன்.

"எங்க போடறது? கடைசியிலயா?"

நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார். "எல்லாருக்கும் மூத்தவ இவதானே. முதல் இலை இவளுக்குத்தான்டி." ஐந்து இலைகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தினோம். கையிலிருந்த சின்ன இலையை மடித்து வைத்துவிட்டு, தேக்காவில் வாங்கிவந்த கட்டைப் பிரித்து, நுனி கிழியாத தலைவாழையாகத் தேடினார். வடையை முதலில் அதில்தான் வைத்தார்.