ஆர்ட்மோர்: கல் மிதந்து வந்த கரை

அயர்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரைக்கு, மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் தெற்கே, வாட்டர்ஃபோர்ட் கவுண்டியில், ஆர்ட்மோர் என்று ஒரு சின்னக் கடலோரக் கிராமம் இருக்கிறது, கார்க் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போல ஆகும், அங்கே ஒரு முழு நாளாவது இருந்துவிட்டு வாருங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5ஆம் நூற்றாண்டில், அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பியவராகப் போற்றப்படும் புனித பேட்ரிக் வருவதற்கும் முன்பே, டெக்லன் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார் என்பது ஊர் மரபு. அவர் வேல்ஸிலிருந்து கப்பலில் வரும்போது அவருடைய கைமணி கரையிலேயே விடுபட்டுப் போக, ஒரு பாறை அதைச் சுமந்துகொண்டு கடலில் மிதந்து வந்ததாம், அது ஒதுங்கிய இடம்தான் ஆர்ட்மோராம். அந்தக் கல் இன்றும் கடற்கரையில் இருக்கிறது. முதுகுவலி தீரும் என்று அதன் அடியில் ஊர்ந்து போவார்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் மிதந்து கரையேறிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான், அதன் முன்னால் நின்றபோது வேற்றூரில் நிற்பதாகவே தோன்றவில்லை.

காலையில் பாறை விளிம்பு நடையை முடித்துவிடுங்கள். சுமார் 4 கிலோமீட்டர், சுற்றி வந்து ஊருக்குள்ளேயே இறங்கும். வழியில் டெக்லனின் கிணறு, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கண்காணிப்புக் குடில், அப்புறம் கீழே பாறைகளில் சிக்கித் துருப்பிடித்துக் கிடக்கும் சாம்சன். அது பாரந்தூக்கி பொருத்திய கப்பல், 1987 டிசம்பர்ப் புயலில் இழுவைக் கயிறு அறுந்து இங்கே வந்து மோதியது. காற்று பலமாக இருந்தால் விளிம்புக்குப் போகாதீர்கள்.

மேட்டிலிருக்கும் வட்டக் கோபுரத்தையும் தேவாலயத்தையும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் சுமார் 30 மீட்டர், மேலே போகப்போக ஒடுங்கி உச்சியில் கூம்பாக முடிகிறது. வாசல் தரையிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் மேலே, ஏணி வைத்துத்தான் ஏற முடியும். இந்த வகைக் கோபுரத்துக்கு ஐரிஷ் மொழியில் 'மணி வீடு' என்றுதான் பெயர். பக்கத்திலேயே டெக்லனை அடக்கம் செய்ததாகச் சொல்லும் சிறு கட்டடம் இருக்கிறது, உள்ளே ஒரு பள்ளம், தலைமுறை தலைமுறையாகப் பக்தர்கள் கைப்பிடி மண் எடுத்துப் போய் உண்டான பள்ளம் அது.

தேவாலயத்துக்குக் கூரை இல்லை. உள்ளே இரண்டு ஓகம் கற்கள், கல்லின் விளிம்பிலேயே கோடு கோடாக வெட்டிய பழைய ஐரிஷ் எழுத்து, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது மேற்குச் சுவரின் வெளிப்பக்கம்தான். வளைவு வளைவாக மாடங்கள், அவற்றுக்குள் புடைப்புச் சிற்பங்கள்: ஆதாம் ஏவாள் நடுவே மரம், ஒரே குழந்தைக்கு உரிமை கேட்டு வந்த இரண்டு பெண்களுக்குச் சாலமோன் அரசன் சொன்ன தீர்ப்பு, இறந்தவர்களின் ஆன்மாக்களைத் துலாவில் நிறுக்கும் காட்சி. எண்ணூறு ஆண்டுக்கு மேலாக உப்புக்காற்று தின்றதில் முகங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை, உடம்பின் சாய்வை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நண்பகலில் பார்த்தபோது வெறும் கரடுமுரடான கல்லாகத்தான் தெரிந்தது. மாலையில் திரும்பிப் போனேன், வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு நிழல் வந்து, சாலமோன் முன்னால் கையேந்தி நிற்கும் உருவம் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.