சுருக்குக் கம்பி: ஒரு பட்டறை நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

புது வேலை கைக்கு வந்துவிட்டது. பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சியை, அதாவது பாலிப்பை, எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த வளையும் குழாய் வழியாகவே அறுத்தெடுக்கும் சுருக்குக் கம்பி. மருத்துவமனையில் எல்லோரும் ஸ்னேர் என்பார்கள். எங்களுக்கு வந்திருப்பது மின்சாரம் இல்லாமல் அறுக்கும் கோல்ட் ஸ்னேர். 10 மி.மீ.க்கும் சிறிய பாலிப்புகளுக்கு இதையே எடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். மின்சாரத்தால் சூடு வைத்து அறுத்தால் ரத்தம் அப்போதைக்கு நிற்கும். ஆனால் சூடு குடல் சுவரின் ஆழத்துக்கும் இறங்கும்; சில நாள் கழித்துப் பொருக்கு உதிரும்போது ரத்தம் கொட்டலாம், அரிதாக ஓட்டையும் விழலாம். பயறு அளவுப் பாலிப்புக்கு அந்த வம்பு எதற்கு?

கொலோனோஸ்கோப்பின் (பெருங்குடலுக்கான எண்டோஸ்கோப்) கருவித் துளை 2.8 மி.மீ. இருந்தாலும் நுழைய வேண்டும். ஆக உறையின் வெளிவிட்டம் 2.4 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். நீளம் 230 செ.மீ. உள்ளே ஓடும் கம்பி, நுனியில் விரியும் சுருக்கு, இந்தப் பக்கம் ஒரு ஹேண்டில், கம்பியைத் தள்ளி இழுக்க அதில் ஒரு சறுக்கி. படத்தில் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கும்.

ஜூன் 6, வியாழன்

நாள் முழுக்கக் கம்பி. 0.3 மி.மீ. கம்பி சளிப்படலத்தைச் சுத்தமாக அறுக்கிறது. ஆனால் மெல்லிசாக இருப்பதால் சுருக்கு தொளதொளக்கிறது. குடல் சுவரில் அழுத்திப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு பாலிப்பின் மேலேறிவிடுகிறது. 0.4-க்கு மேல் போனால் பிடி கிடைக்கிறது, வெட்டு மழுங்குகிறது. சூடு வைக்கிற ஸ்னேரில் வெட்டுவது மின்சாரம், அங்கே தடித்த கம்பி பரவாயில்லை. இங்கே கம்பியே கத்தி.

நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகம்) போடலாமே என்றார் முதலாளி. எத்தனை முறை மூடித் திறந்தாலும் வடிவம் மாறாது, உண்மைதான். ஆனால் சுருக்கின் மூக்கில் கூர்மையான மடிப்பு வேண்டும், அந்த மடிப்புக்கு நிட்டினால் லேசில் அடங்காது. எஃகு மடிந்த இடத்தில் நிற்கும்; கூடவே நாலைந்து தடவை மூடினால் கோணிக்கொள்ளும். பக்கவாட்டில் மூலை வைத்த அறுகோண வடிவத்தில் எஃகுக் கம்பியை வளைத்துப் பார்க்கிறோம். மூலைகள் கொஞ்சம் விறைப்பு தருகின்றன.

ஜூன் 12, புதன்

அனுமதி வாங்கி எண்டோஸ்கோப்பி அறையில் ஒரு மூலையில் நின்றேன். டாக்டரின் இரண்டு கையும் எண்டோஸ்கோப்பில்தான். பாலிப்பைத் திரையில் ஆறு மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறார், ஏனென்றால் கருவி அந்தப் பக்கத்திலிருந்துதான் வெளியே வரும். பாலிப்போடு சுற்றிலும் ஒன்றிரண்டு மி.மீ. நல்ல சதையும் சேர்ந்து சுருக்குக்குள் வர வேண்டும். “மூடுங்க சிஸ்டர்... மெதுவா... ம், அறுங்க.” திரையில் ஒரு சின்னக் கசிவு. கழுவினார், நின்றது. துண்டு கருவித் துளை வழியாகவே உறிஞ்சப்பட்டு வலைக் குப்பிக்கு வந்துவிட்டது.

அறுத்தது யார்? சிஸ்டர். ஹேண்டில் அவர் கையில். நாங்களோ இதுவரை டாக்டர்களின் உள்ளங்கையைத்தான் அளந்துகொண்டிருந்தோம்!

இடைவேளையில் டாக்டர் பழைய கதை சொன்னார். ஹிரோமி ஷின்யா 1969-இல் நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் இப்படி எடுத்துக் காட்டும்வரை, விறைப்பான குழாய்க்கு எட்டாத பாலிப் என்றால் வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். அவரும் வில்லியம் வுல்ஃபும் 1973-இல் அதைக் கட்டுரையாக்கினார்கள். இருபது ஆண்டு கழித்து 1993-இல், பாலிப்பை எடுத்துவிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வருவது முக்கால் பங்குக்கும் மேல் குறைகிறது என்று அமெரிக்கத் தேசிய பாலிப் ஆய்வு காட்டியது.

கிளம்பும்போது சிஸ்டர் கூப்பிட்டார். “தம்பி, இதப் பாருங்க.” கட்டைவிரல் வளையத்தில் விரலை விட்டு, சறுக்கியை முழுக்க முன்னால் தள்ளிக் காட்டினார். சுருக்கு முழுதாக விரிந்த அந்த நிலையில் மற்ற இரண்டு விரலும் சறுக்கிக்கு எட்டவில்லை. “ஒரு கையால எப்படி மூடுறது? ரெண்டு கை போட்டா இழுக்கிற பதம் தெரியாது. கையுறைல ஜெல்லி வேற.” அப்புறம் ஹேண்டிலில் பேனாவால் ஒரு கோடு. சுருக்கின் நுனி உறையின் வாயைத் தொடும் இடம் அது. கருவியைப் பிரித்ததும் அவரே போட்டுக்கொள்கிறார். மூடும்போது சறுக்கி கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே தேவைக்கு மேல் சதை மாட்டியிருக்கிறது, கொஞ்சம் தளர்த்த வேண்டும். எங்கள் விவரக்குறிப்பு எதிலும் இந்தக் கோடு கிடையாது.

ஜூன் 13, வியாழன்

சறுக்கியின் ஓட்டம் ஏன் அவ்வளவு நீளம்? சுருக்கு மூட 3 செ.மீ. போதும். மீதி வழியிலேயே தொலைகிறது.

கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றினால் ஒற்றை ஆள் படகை நிறுத்திவிடுவார். அதே கணக்கு இங்கே நமக்கு எதிராக நிற்கிறது. குடலுக்குள் எண்டோஸ்கோப் வளைவதையெல்லாம் கூட்டினால் இரண்டு முழுச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 0.1 என்றால், நுனியில் வேண்டிய விசையைப்போல் மூன்றரை மடங்கு கையால் இழுக்க வேண்டும். 0.15 ஆனால் ஆறரை மடங்கு.

இழுக்கும் கம்பி நீள்கிறது என்றுதான் ஆளாளுக்குக் குறை சொன்னோம். போட்டுப் பார்த்தால் எஃகு நீள்வது மில்லிமீட்டர் கணக்கு, டெஃப்லான் உறை சுருங்குவது சென்டிமீட்டர் கணக்கு. கம்பியை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு அழுத்தம் உறைமேல் விழுகிறதே! அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஹேண்டிலை நீட்டி வைத்திருக்கிறோம். சிஸ்டரின் விரல் எட்டாததற்கு உறைதான் காரணம்.

ஜூன் 21, வெள்ளி

பன்றியின் பெருங்குடல், காலையிலேயே கறிக்கடையிலிருந்து. கழுவி முடிப்பதற்குள் ஏசி அறை முழுக்க வாடை. கணக்குப் பிரிவு ஆட்கள் மதியத்துக்கு வெளியே போய்விட்டார்கள். உட்பக்கத்தை வெளியே திருப்பிப் பலகையில் குத்தி, சளிப்படலத்துக்கு அடியில் நீலச் சாயம் கலந்த சலைனை ஊசியால் ஏற்றினால் மேடு எழும்பும். அதைப் பாலிப் என்று வைத்துக்கொண்டு, இரண்டு சுற்று வளைத்த குழாய்க்குள் ஸ்னேரை விட்டு அறுக்கிறோம்.

விறைப்பான உறையில் இழப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் எண்டோஸ்கோப்பின் நுனியைக் கூர்மையாக வளைத்ததும் உறை உள்ளே நகர மறுத்தது. இன்னும் தள்ளினால் நுனியே நிமிர்ந்து மேடு பார்வையை விட்டு விலகுகிறது. அதனால் உடம்பு விறைப்பு, கடைசி 10 செ.மீ. மட்டும் இளசு. இரண்டு உறையையும் உருக்கி ஒட்டும் இடத்தில் தடிப்பு வராமல் இருக்க வேண்டும். அம்பத்தூரில் கடைசல் பட்டறை அண்ணன் அதற்கொரு அச்சு செய்து தருகிறேன் என்றிருக்கிறார்.

ஜூன் 22, சனி

சட்டையில் நீலம் போகவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சறுக்கியின் ஓட்டத்தைக் குறைத்த ஹேண்டில் மாதிரியோடு திரும்ப சிஸ்டரிடம். கையுறை, ஜெல்லி எல்லாம் போட்டே பிடித்துப் பார்த்தார். விரல் எட்டியது. “இது பரவால்ல. ஆனா கட்டைவிரல் வளையம் சுத்துதே?” எண்டோஸ்கோப் திரும்பும்போது மணிக்கட்டு முறுக்காமல் இருக்கட்டும் என்று சுழலும் வளையம் வைத்திருந்தோம். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. நின்ற இடத்தில் நின்றால்தான் சதையின் எதிர்ப்பு விரலுக்குத் தெரியுமாம். எடுத்துவிட்டோம். செலவும் மிச்சம்.

கோட்டையும் அச்சிட்டே தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார்: எண்டோஸ்கோப் வளைய வளைய மூடும் இடம் தள்ளிப்போகும், உங்கள் கோடு அந்தரத்தில் நிற்கும். சரிதான். கோட்டுக்குப் பதிலாக மி.மீ. அளவுகோலும், பேனா மை பிடிக்கும் சொரசொரப்பான வெள்ளைப் பட்டையும் வைக்கிறோம்.

ஜூலை 10, புதன்

வரைபடம் உறுதியாவதற்குள் பட்டைக்காக ஒரு சண்டை. தனியாக ஓர் அச்சு வேலை, அதற்கொரு சோதனை, எதற்கு என்கிறது கொள்முதல் பிரிவு. பட்டை போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒரு தொகுதி எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமிநீக்கத்துக்குப் போகிறது. திரும்பி வந்ததும் உறை ஒட்டிய இடத்தை இழுத்து சோதிக்க வேண்டும், பட்டையில் பேனா இன்னும் எழுதுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.