ரூபிள் குறிப்புகள், 1998

ஆகஸ்ட் 14, வெள்ளி

நோவ்கொரோதில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் சொல்லிவிட்டார்: ரூபிள் மதிப்புக் குறைப்பு கிடையாது, உறுதியாக, தெளிவாக. இவ்வளவு அழுத்திச் சொன்னால்தான் பயமே வருகிறது. 15 முதல் 25 சதவீதம் இறக்குங்கள் என்று நேற்று லண்டன் நாளிதழில் முதலீட்டாளர் சோரோஸ் எழுதியாகிவிட்டது.

ஆகஸ்ட் 17

இறக்கிவிட்டார்கள். டாலருக்கு 6 முதல் 9.5 ரூபிள் வரை போகலாமாம். 1999 கடைசிக்குள் முதிர்கிற ஜிகேஓ (அரசின் குறுகியகால ரூபிள் கடன்) பத்திரங்களுக்கு இப்போது பணம் இல்லை. வேறு பத்திரம் தருவார்களாம். தனியார் வங்கிகளும் கம்பெனிகளும் வெளிநாட்டுக் கடனை 90 நாள் கட்ட வேண்டாம்.

மூன்றாவதுதான் உறுத்துகிறது. அரசு திவாலானால் அது அரசின் கடன். வங்கிகளுக்கு எதற்கு 90 நாள்?

ஆகஸ்ட் 18

பதில் முன்பேர ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜிகேஓ வாங்கிய வெளிநாட்டுக்காரன் ரூபிளை நம்பி வாங்கவில்லை. பத்திரத்தை வாங்கும்போதே, முதிர்கிற நாளில் இந்த விலைக்கு எனக்கு டாலர் தர வேண்டும் என்று மாஸ்கோ வங்கியிடம் எழுதி வாங்கிக்கொண்டான். விலை ஆறரை ஏழுக்குள் நிற்கும் வரை வங்கிக்கு அது சும்மா வந்த காசு. பத்தைத் தாண்டினால் வங்கியின் மூலதனமே போய்விடும். அந்த 90 நாள் இவர்களுக்காக.

வட்டிக் கணக்கையும் எழுதி வைக்கிறேன். ஆண்டுக்கு 100 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 25. 100 ரூபிள் பத்திரத்தை 80-க்கு விற்கிறார்கள். முதிரும்போது அந்த 100-ஐ அடைக்க 125-க்குப் புதுப் பத்திரம். பிறகு 156. பிறகு 195. ஒரு சம்பளப் பட்டுவாடாவுக்கு வாங்கிய 80, வருஷம் திரும்புவதற்குள் 195. கந்துவட்டிக்காரன்கூட இடையில் ஒரு தவணை விட்டுக்கொடுப்பான். மே மாதக் கடைசியில் மத்திய வங்கி தன் வட்டியையே 150-க்கு ஏற்றியபோது கதை முடிந்துவிட்டது. ஜூலையில் வந்த ஐஎம்எஃப்-இன் 4.8 பில்லியன் டாலர் இந்தக் குழிக்குப் போதவே போதாது.

ஆகஸ்ட் 23

பிரதமர் கிரியென்கோ போனார். வருவது செர்னோமிர்தின். மார்ச் 23-ல் தூக்கியெறியப்பட்ட அதே ஆள்.

ஆகஸ்ட் 26

செலாவணிச் சந்தையில் இன்று நடந்த டாலர் வியாபாரத்தை மத்திய வங்கி ரத்து செய்துவிட்டது. பணமாற்றுக் கடைப் பலகைகளில் வாங்கும் விலை மட்டும் தொங்குகிறது, விற்கும் கட்டம் காலி. அரசு மாளிகை எதிரே சுரங்கத் தொழிலாளர்கள் இன்னமும் ஹெல்மெட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 29

பொருளாதார நிபுணர், யாப்லோகோ எதிர்க்கட்சியின் தலைவர் யாவ்லின்ஸ்கி சொல்வதை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும்.

அவர் சண்டை எப்போதும் எதை முதலில் செய்வது என்பதில்தான். சோவியத் பொருளாதாரத்தைச் சந்தைக்கு மாற்ற 1990-ல் ஷதாலின் குழுவோடு எழுதிய 500 நாள் திட்டத்தில் முதலில் விற்க வேண்டியவை சில்லறைச் சொத்துகள்: லாரி, கடை, குடியிருப்பு, கட்டி முடிக்காத கட்டடம். மக்கள் கையில் தேங்கிய பணம் அதில் போய்ச் சேரும், சின்ன முதலாளி உருவாவான், அதற்கப்புறம் படிப்படியாக விலையை அவிழ்த்துவிடலாம். 1992 ஜனவரி 2-ல் துணைப் பிரதமர் கெய்தார் விலையை முதலில் அவிழ்த்தார். சந்தையில் போட்டி இல்லை, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே ராட்சத ஆலை. விலையை ஏற்றியது சந்தையில்லை, ஏகபோகம். அந்த ஆண்டு விலைவாசி சுமார் 26 மடங்கு. சேமிப்பு கரைந்தது. சொத்து விற்பனைக்கு வந்தபோது வாங்க யாரிடமும் காசில்லை, வங்கிக்காரர்களைத் தவிர.

1995 ஏலங்கள் அதன் பிள்ளை: அரசுக்குக் கடன் கொடுத்து, அடமானமாக அரசு ஆலைகளின் பங்கை எடுப்பது. நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம்: தொடக்க விலை 170 மில்லியன் டாலர், முடிந்தது 170.1. 355 மில்லியன் கேட்டு வந்த போட்டியாளரைத் தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஏலத்தை நடத்திய வங்கியின் ஆட்களே எடுத்துக்கொண்டார்கள். அதிகாரமும் சொத்தும் ஒரே கையில் என்று யாவ்லின்ஸ்கி திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கொடுத்த கை அவர்களிடம் வரி கேட்காது. வரி வராத பட்ஜெட் பத்திரம் விற்கும். 80, 125, 156.

இதில் ஓர் ஓட்டை உண்டு. எண்ணெய் பீப்பாய் 12, 13 டாலருக்கு விழுந்ததை எந்த வரிசையும் தடுத்திருக்காது.

ஆகஸ்ட் 31

நாடாளுமன்றக் கீழவையான டூமாவில் செர்னோமிர்தினுக்கு 94 ஓட்டு. தேவை 226.

செப்டம்பர் 2

9.5 எல்லையையும் கைவிட்டார்கள். கிளின்டன் ஊரில் இருக்கும்போதே.

செப்டம்பர் 7

மறுபடி தோல்வி, 138. மூன்றாவது முறையும் நிராகரித்தால் டூமாவைக் கலைக்கலாம், அரசியல் சட்டம் 111. ஆனால் அதற்குள் டூமா அதிபர் மீது குற்றச்சாட்டை நிறைவேற்றிவிட்டால் கலைக்க முடியாது, 109. இரண்டு பக்கமும் சட்டப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறது.

நடுவில் எழுந்த யாவ்லின்ஸ்கி ஒரு பெயரைச் சொன்னார்: வெளியுறவு அமைச்சர் பிரிமகோவ். அதிபர் நாற்காலி மீது ஆசையில்லாதவர், எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடியவர். பொருளாதாரம் தெரிந்தவர் என்று அவரும் சொல்லவில்லை. 1995-ல் 45 இடம் வென்ற அவர் கட்சி 226-க்கு வழி சொல்கிறது!

செப்டம்பர் 9

டாலரின் அதிகாரபூர்வ விலையே 20.8 ரூபிள்.

ஆறு வங்கிகளின் டெபாசிட்தாரர்கள் அரசு வங்கியான ஸ்பெர்பாங்க்குக்கு மாறலாமாம். டாலர் கணக்கு 9.33 வீதம் ரூபிளாகும். 1000 டாலர் போட்டவருக்கு 9,330 ரூபிள். இன்றைய விலையில் 450 டாலர்கூட இல்லை. அதுவும் உடனே கைக்கு வராது. பட்டியலில் மெனாதெப் வங்கி இருக்கிறது. எண்ணெய்க் கம்பெனி யூகோஸின் 45 சதவீதத்தை 159 மில்லியனுக்கு எடுத்த அதே வட்டம். எண்ணெய் அவர்களோடு, 9.33 டெபாசிட்தாரரோடு.

செப்டம்பர் 11

பிரிமகோவுக்கு 317.

மத்திய வங்கிக்கு மறுபடி கெராஷென்கோ. பொருளாதாரத்துக்குக் கம்யூனிஸ்ட் மாஸ்லுகோவ், சோவியத் திட்டக் கமிஷனின் பழைய தலைவர். பெயர் யாவ்லின்ஸ்கி தந்தது, சமையல் அவர்களுடையது.

செப்டம்பர் 14

துணைப் பிரதமர் பதவி வேண்டாம் என்கிறார் யாவ்லின்ஸ்கி. எரிச்சலாக இருக்கிறது. 1990-ல் திட்டத்தைச் சிதைத்தார்கள் என்று ராஜினாமா. 1996-ல் யெல்ட்சினிடம் நிபந்தனைக் கடிதம். கடந்த ஆண்டு நிதியமைச்சராகப் போன அவருடைய கட்சிக்காரர் ஸாதோர்னோவ் கட்சியை விட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கொடுத்தால் முழு அணிக்கும் முழுப் பொறுப்பும், இல்லாவிட்டால் வெளியே. ஸாதோர்னோவைப் பார்த்தால் அவர் சொல்வதும் சரிதான் போலிருக்கிறது: ஆகஸ்ட் 17-ஆம் தேதி நிதியமைச்சகத்தில் இருந்தவர் அவர், எதையும் தடுக்க முடியவில்லை. ஆனால் உள்ளே யாருமே போகாவிட்டால் வரி கேட்பது யார்?

செப்டம்பர் 16

டாலர் 10-க்குக் கீழே! ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் சரிவு. நேற்று முன்பேர ஒப்பந்தங்கள் தீரும் நாள். அன்றைய விலைக்குத்தான் வங்கிகள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்கிறார்கள். கடையில் சர்க்கரை விலை மட்டும் இறங்கவில்லை. அக்டோபர் ஒப்பந்தங்களின் தேதியைக் கேட்டு வைக்க வேண்டும்.