மாலை நேரத்தில் காட்டுங்கள்

இரண்டாவது குழந்தையைச் சுமந்தபோது, ஐந்தாம் மாதம் முடியும் தறுவாயில், பிறப்புறுப்பின் இடப்பக்க இதழில் வீக்கம் கண்டது. காலையில் ஒன்றும் தெரியாது. துணிக்கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வீடு திரும்பினால் அந்த இடம் நீலம் பாய்ந்து புடைத்து, அடிவயிறே கழன்று விழுவதுபோல் கனக்கும்.

முதலில் போன மருத்துவமனையில் காலை வேளையில், படுக்கவைத்துப் பார்த்தார்கள். படுத்ததும் வீக்கம் வடிந்துவிட்டது. சுரப்பிக் கட்டி என்றார் ஒருவர். குடலிறக்கம் என்றார் இன்னொருவர். பெரிதானால் கீறிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கீற நினைத்தது ரத்தக் குழாயை என்று பின்னர் தெரிந்தபோது எனக்குக் கோபமும் நடுக்கமும் சேர்ந்தே வந்தன.

“வீக்கம் இருக்கும்போதே போய்க் காட்டு” என்று அனுப்பியது அம்மாதான். மாலையில் பார்த்த மகப்பேறு மருத்துவர் என்னை நிற்கவைத்துப் பரிசோதித்தார். இருமச் சொன்னார். விரலால் மெல்ல அழுத்தினார். அமுங்கியது, எடுத்ததும் மறுபடி நிரம்பியது. “காலில் ரத்தக் குழாய் புடைத்துக்கொள்ளுமே, அந்த வெரிகோஸ்தான் அம்மா, உங்களுக்கு இங்கே வந்திருக்கிறது” என்றார். ரத்தம் எங்கும் உறைந்திருக்கவில்லை என்பதை ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் உறுதிசெய்தது.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடிவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரைகளின் சுவரைத் தளர்த்த, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்த, மேலேற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்குகிறது.

அழுத்தம் தரும் உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ், இடுப்புக்குத் தலையணை வைத்து இடப்பக்கமாகப் படுப்பது, மலச்சிக்கல் வராமல் காப்பது: இவ்வளவுதான் சிகிச்சை. ஆனால் நிற்பதைக் குறைக்காமல் எதுவும் பலிக்காது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. இருந்தும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. நாற்காலி கிடைத்த பிறகுதான் மாலை வலி தணிந்தது. வீக்கம் கெட்டியாகிச் சிவந்து சுட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே வரவேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

வீட்டில் எல்லோரும் சிசேரியன்தான் என்று முடிவுகட்டியிருந்தார்கள். இதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை என்றார் மருத்துவர். சுகப்பிரசவம்தான் ஆனது. ஒன்றரை மாதத்துக்குள் வீக்கம் மறைந்தது. மறையாதவர்களுக்கு ஊசியால் சிரையை அடைக்கும் சிகிச்சை உண்டாம். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.