விநோதப் பழைய படங்கள்: எட்டு மாதக் கணக்கு

நோட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன். எட்டு மாதத்தில் 31 படங்கள் பார்த்திருக்கிறேன். அவற்றில் மற்றவர்களிடம் பார்க்கச் சொன்னவை 9. அவர்கள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவை 4. கிரிக்கெட் சராசரியாக இருந்தால் அணியிலிருந்து தூக்கியிருப்பார்கள்.

தொடங்கும்போது எனக்கு நானே மூன்று விதிகள் போட்டுக்கொண்டேன். படம் 1970க்கு முந்தையதாக இருக்க வேண்டும். நான் பழகும் வட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: பார்த்து முடித்ததும் 'இதை எடுக்க எப்படித் துணிந்தார்கள்?' என்று கேட்கத் தோன்ற வேண்டும். பழையது என்பதாலேயே ஒரு படம் நல்லதாகிவிடாது. 31இல் பாதியை யாரும் தேடாமல் விட்டதற்கு நியாயமான காரணம் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை.

முதல் தோல்வியை முதலில் எழுதிவிடுகிறேன். பிரேசில்காரர் மாரியோ பெய்ஷோட்டோ இருபத்திச் சொச்சம் வயதில் எடுத்து, 1931இல் திரையிட்ட 'லிமிட்டே'. அதற்குப் பிறகு அவர் இன்னொரு படத்தை முடிக்கவே இல்லை. கடலில் ஒரு படகு, அதில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும். துடுப்புப் போடும் தெம்பைக்கூட இழந்துவிட்டார்கள். அவர்களுடைய பழைய வாழ்க்கை துண்டு துண்டாக வந்து போகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தொடக்கத்தில் ஒரு பெண்ணின் முகம். பின்னாலிருந்து ஓர் ஆணின் விலங்கிட்ட கைகள் அவளைச் சுற்றி வந்து முகத்துக்கு முன்னால் நிற்கும். பாரிஸில் ஒரு பத்திரிகை அட்டையில் பெய்ஷோட்டோ பார்த்த புகைப்படத்திலிருந்து பிறந்த காட்சி அது. என்னை நான்கு நாள் விடவில்லை. உடனே அலுவலக நண்பரிடம் "அற்புதமான படம் சார், கட்டாயம் பாருங்கள்" என்றேன். அன்றிரவே அவரிடமிருந்து செய்தி வந்தது: "நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. படகு இன்னும் அங்கேயே நிற்கிறது."

'அற்புதம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? எதைக் கவனிப்பது, எவ்வளவு பொறுப்பது என்று நான் ஒன்றுமே சொல்லவில்லை. அன்று நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு: 'எந்த நிமிடத்துக்காக?' அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாவிட்டால் படத்தை யாரிடமும் சொல்வதில்லை.

அந்தக் கட்டம் தயங்காமல் நிரம்பிய முதல் படம், 1962இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. இயக்குநர் ஹெர்க் ஹார்வியின் பிழைப்பே கன்சாஸில் ஒரு நிறுவனத்துக்காகக் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுப்பதுதான். சால்ட் லேக் நகருக்கு அருகே உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மாளிகையைக் காரில் போகும் வழியில் பார்த்தார். அந்தக் கட்டடத்துக்காக ஒரு கதை எழுதச் சொன்னார். முழுநீளக் கதைப்படம் என்று அவர் எடுத்தது இது ஒன்றே. வெளிறிய முகத்தோடு கதாநாயகியைத் தொடரும் பேயும் அவரேதான், சம்பளம் மிச்சம்.

நான் சிபாரிசு செய்வது துணிக்கடைக் காட்சிக்காக. ஆற்றில் விழுந்த காரிலிருந்து தப்பி வந்தவள் கதாநாயகி. உடை மாற்றும் அறையில் அவள் நிற்கும்போது நாம் பார்க்கும் படமே தண்ணீர்போல ஒருமுறை அலைகிறது. வெளியே வந்து விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தெருவின் சத்தம் முழுக்க அறுந்துபோகிறது. பூங்காவில் ஒரு மரத்தின் மேல் கை வைக்கிறாள். ஒரு பறவையின் குரல் கேட்கிறது, கூடவே உலகமும் திரும்பி வருகிறது. தந்திரக் காட்சிக்கென்று பெரிதாக எதுவும் செலவாகவில்லை. சத்தத்தை எடுத்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இடையிடையே நடிப்பு கட்டை தட்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கேட்ட மூவரில் இருவர் முழுதாகப் பார்த்தார்கள்.

மௌனப் படங்களில் வேறொரு சிக்கல். கையால் கேமராவைச் சுழற்றிய காலத்தில் வேகம் ஒரே சீராக இருந்ததில்லை. நொடிக்கு 16, 18 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்று எடுத்ததை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல நடப்பார்கள். 'பழைய படம் என்றாலே கோமாளித்தனம்' என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இதுதான். நல்ல பிரதிகளில் சரிசெய்திருப்பார்கள். மற்றவற்றை நான் முக்கால் வேகத்தில் ஓட்டுகிறேன். இசை இழுபடும், அதை அணைத்துவிடலாம். நடை மனித நடையாகிவிடுகிறதா என்று பார்த்தால் போதும்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகும் 'எ பேஜ் ஆஃப் மேட்னெஸ்' என்னைக் கவிழ்த்தது. டெய்னொசுகே கினுகாசா 1926இல் எடுத்த ஜப்பானியப் படம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கவாபட்டா கதை எழுதுவதில் பங்கெடுத்தவர். தொலைந்தே போனது என்று எல்லோரும் நினைத்திருந்த பிரதியை 1971இல் கினுகாசாவே தன் வீட்டுச் சாமான்களுக்கு நடுவே கண்டெடுத்தார். மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருக்கும் மனைவியின் அருகில் இருப்பதற்காக அங்கேயே எடுபிடி வேலைக்குச் சேர்ந்த முன்னாள் மாலுமியின் கதை. இது எனக்குப் படத்திலிருந்து தெரியவில்லை, பிறகு படித்துத்தான் தெரிந்தது! மௌனப் படங்களில் வசனத்தையும் விளக்கத்தையும் காட்டும் எழுத்து அட்டை நடுவே ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்து ஜப்பானியத் திரையரங்குகளில் 'பென்ஷி' என்ற கதைசொல்லி திரையருகே நின்று எல்லாவற்றையும் விளக்குவார். நான் பென்ஷியே இல்லாமல் இரவு பதினொரு மணிக்குத் தனியாகப் பார்த்தேன். இருபதாவது நிமிடத்தில் உறங்கிவிட்டேன். மறுநாள் கதையைப் படித்துவிட்டு உட்கார்ந்தபோது வேறு படம். நோயாளிகளின் முகத்தில் அந்த மனிதர் சிரிக்கும் முகமூடிகளை ஒவ்வொன்றாக மாட்டும் இடத்தில் தொண்டை அடைத்தது. கதையை முன்பே சொன்னால் கெட்டுப்போகும் என்ற நம்பிக்கை இந்தப் படத்துக்குப் பொருந்தாது. சொல்லாவிட்டால்தான் கெடும்.

'ஹாக்சன்' விஷயத்தில் பிழை என்னுடையது. சூனியக்காரிகள் என்ற நம்பிக்கையைப் பற்றி பெஞ்சமின் கிறிஸ்டென்சன் 1922இல் எடுத்த படம். பாதி பாடம், பாதி பயங்கரக் கனவு. நான் முதலில் பார்த்தது 1968இல் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸ் குரலும் ஜாஸ் இசையும் சேர்த்துச் சுருக்கிய வடிவம். அதுவும் ஒரு வேடிக்கைதான், ஆனால் நான் தேடியது அதுவல்ல. முழுப் படத்தைத் தேடிப் பிடித்த பிறகுதான் கிறிஸ்டென்சனின் குறும்பு பிடிபட்டது. சித்திரவதைக் கருவிகளைக் காட்டிக்கொண்டே வருகிறார். தன் நடிகைகளில் ஒருத்தி விரல் நசுக்கும் திருகைப் போட்டுப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்ததாக ஓர் அட்டை. ஒரே நிமிடத்துக்குள் அவளிடமிருந்து கறந்த பயங்கர வாக்குமூலங்களை வெளியிட மாட்டேன் என்று அடுத்த அட்டை. நூறு வருடத்துக்கு முந்தைய ஆள், நேற்றுப் பேசியதுபோல இருந்தது. சாத்தானாக நாக்கை நீட்டி நிற்பவரும் அவர்தான்.

எதிர்பாராத வெற்றி 1958இல் வந்த செக் படத்தில் கிடைத்தது: கரேல் ஜெமானின் 'வினாலெஸ் ஸ்காஸி'. ஜூல்ஸ் வெர்னின் புத்தகங்களில் வரும் கோட்டுச் சித்திரங்கள் அப்படியே எழுந்து நடந்தால் எப்படி இருக்கும்? அரங்கம், கடல், வானம் என்று எங்கும் செதுக்கு அச்சின் மெல்லிய கோடுகள். அவற்றின் நடுவே நிஜ நடிகர்கள். அக்கா மகனுக்கு வயது பத்து. ஒட்டகங்கள் சக்கரக் காலணி போட்டு ஓடும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"மாமா, திரும்பப் போடுங்கள்."

ஆறு முறை போட்டேன். பிறகு படத்தை நிறுத்தி நிறுத்தி, எது வரைந்தது, எது பொம்மை, எது உண்மை என்று பிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு இடங்களில் அவன் சொன்னதுதான் சரி.

நடனக் கலைஞர் உதய் சங்கரின் 'கல்பனா' இன்னும் பாதியில் நிற்கிறது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948இல் வெளியான, நடனமே கதையான இந்திப் படம். சீரமைத்த பிரதி 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. படம் வேகமாக ஓடும், விழிப்பாக இருங்கள் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை நியாயமானது. ஒரே மூச்சில் பார்க்க எனக்குச் சக்தி இல்லை, தவணையில் பார்க்கிறேன்.

போன வாரம் அலுவலக நண்பர் சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று கேட்டார்: "அந்தப் படகு கடைசியில் கரை சேர்ந்ததா?" ஐந்து மாதம் கழித்து! நாற்பது நிமிடம் பார்த்ததே அவருக்குள் எங்கேயோ தங்கியிருக்கிறது. புயல் வரும் என்று மட்டும் சொன்னேன். நோட்டில் அவர் பெயருக்கு நேரே போட்டிருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு, இப்போதைக்குக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.